எக்ஸ்ரே அறையில் ஒருவருக்குத்தான் இடம்

கோல்டர் க்ரீக் ஆஸ்பத்திரியில் கேன்டீனுக்குப் போகும் வழியில் ஒரு சுவர் உண்டு. நோயாளிகளிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஊழியர்களின் படங்களை அங்கே மாட்டிவைப்பார்கள். எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே முப்பது வருஷமாக எக்ஸ்ரே எடுத்துவரும் நடீன் கிரெப்ஸின் படம் ஒரு தடவைகூட அந்தச் சுவரில் ஏறியதில்லை. ஊரில் பாதிப் பேரின் எலும்பைப் படம் பிடித்தவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. "சுவத்துல மாட்டணும்னா முதல்ல செத்துருக்கணும், தலையில கொம்பு வேற இருக்கணும்" என்பாள். வீட்டுக்கு வீடு மான் தலை மாட்டியிருக்கும் அமெரிக்காவின் மிசௌரி மலைப்பக்கத்தில் இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

அவள் வாய் அப்படி. வருகிற நோயாளியிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கமாட்டாள். நன்றாக இருக்கிறவன் எக்ஸ்ரே மேஜையில் வந்து ஏன் படுக்கிறான் என்பது அவள் கட்சி. அதனால் ஆஸ்பத்திரியின் மதிப்பெண் பட்டியலில் அவளுக்கு நிரந்தரமான ஓர் இடம் இருந்தது. கீழேயிருந்து முதல் இடம். இரண்டாவது இடத்தில் வாகன நிறுத்துமிடம்.

இந்த நிலையில்தான் கொரின் ஹாடிக்ஸ் என்ற பெண்மணி 'நோயாளி அனுபவ இயக்குநர்' ஆக வந்து சேர்ந்தாள். அதற்கு முன் ஏரிக்கரையில் ஒரு பெரிய விடுதியை நடத்திவந்தவள். நல்லவள்தான். வயிற்றுவலியோடு வருகிறவனையும் விடுமுறைக்கு வந்தவனையும் ஒரே கண்ணால் பார்த்தாள், அவ்வளவுதான். வந்த கையோடு 'ஒன்றாகவே இருப்போம்' என்று ஒரு திட்டம் போட்டாள். நோயாளியோடு வந்தவர் நோயாளியை விட்டு ஒரு நிமிஷமும் பிரிய வேண்டியதில்லை. ஊசி போடும் இடம், ரத்தம் எடுக்கும் இடம், எங்கே வேண்டுமானாலும் கூடவே வரலாம். எக்ஸ்ரே அறைக்குள் வருகிறவர்களுக்காகக் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன்கள் புதிதாக வாங்கப்பட்டன. அவற்றின்மேல் சூரியகாந்திப் பூ அச்சடித்திருந்தது.

நட்சத்திரங்கள் மளமளவென்று ஏறின. அதில் பெரும்பங்கு டென்னி ஸ்ட்ரிக்லரின் கைங்கரியம்.

டென்னியைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கு அறை துப்புரவுக்கும் சலவைக்கும் ஆள் விடுகிற ஒப்பந்தக்காரர். பிலிப்பைன்ஸிலிருந்து முறையான விசாவில் பெண்களைக் கூட்டிவருவார். யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வருவார். வேலை செய்ய முடியாத ஆளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால் அதை யாரும் அப்படி யோசிக்கவில்லை, ஏனென்றால் அவர் கையில் எப்போதும் ஒரு டோனட் பெட்டி இருக்கும். நர்ஸுகளுக்குச் சர்க்கரை தூவியது, டாக்டருக்குச் சாக்லேட் பூசியது. பெண்களின் பாஸ்போர்ட், காப்பீட்டு அட்டை எல்லாம் அவரிடமே இருக்கும். "பாவம், தொலைச்சிடுவாங்க" என்பார். வீட்டுக்குப் போனதும் அவர்கள் பெயரில் மதிப்பீட்டையும் அவரே எழுதி அனுப்பிவிடுவார். ஐந்து நட்சத்திரம். எக்ஸ்ரேவுக்கு மட்டும் ஒன்று.

அவசரச் சிகிச்சையில் சேரும் ஒவ்வொருவரிடமும் நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "நீங்கள் இருக்கும் இடத்தில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" கேட்டு டிக் போடாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகராது. நல்ல கேள்விதான். அதை டென்னியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். "நான் இருக்கறப்ப என்ன பயம்?" என்று டென்னி சிரிப்பார். நர்ஸும் சிரிப்பாள். அந்தப் பெண்ணும், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, சிரிப்பாள். டிக் விழும்.

ஜனவரியில் ஆள்கடத்தல் விழிப்புணர்வு மாதம் வந்தது. எல்லோரும் கணினியில் ஒரு பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். பாடத்தின் முதல் படத்தில் இருட்டு அறை, கையில் இரும்புச் சங்கிலி, வாயில் டேப் ஒட்டிய ஒரு பெண். ஆஸ்பத்திரி முழுக்க நூற்றுக்கு நூறு எடுத்தது. அதன்பிறகு எல்லோரும் சங்கிலியோடும் டேப்போடும் யாராவது வருவார்களா என்று விழிப்போடு இருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. சட்டையில் குத்திக்கொள்ள நீல ரிப்பன் வாங்கிக் கொடுத்தது டென்னிதான். 'யாராவது உங்களைக் கட்டுப்படுத்துகிறார்களா?' என்ற பெரிய சுவரொட்டியைக் காத்திருக்கும் இடத்தில், காபி மெஷினுக்கு மேலே ஒட்டினார்கள். அதற்கு நேர் கீழே இருந்த நாற்காலிதான் டென்னி வழக்கமாக உட்காருவது.

நடீன் மட்டும் அந்தத் தேர்வில் தோற்றாள். பெரிய ஞானத்தால் அல்ல, எல்லாக் கேள்விக்கும் 'மேலே சொன்ன எதுவும் இல்லை' என்று அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் டென்னி ஒரு பெண்ணை இருமலோடு கூட்டிவந்தார். பெயர் ரொவீனா. முப்பது வயதுக்குள் இருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். டென்னி சூரியகாந்தி ஏப்ரனை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஓரமாக நின்றார். நடீன் வழக்கம்போலக் கண்ணாடிக்குப் பின்னால் போய், "மூச்ச நல்லா இழுத்து அப்படியே புடிச்சுக்கோ" என்றாள்.

ரொவீனா மூச்சை இழுக்கவில்லை. திரும்பி டென்னியைப் பார்த்தாள். டென்னி தலையசைத்தார். அதன்பிறகு இழுத்தாள்.

நடீன் பலவிதமான ஆட்களைப் பார்த்தவள். வலியில் கெட்டவார்த்தை பேசுகிறவன், பயத்தில் பாட்டுப் பாடுகிறவன், படமெடுக்கும்போது மயங்கி விழுகிற போலீஸ்காரன். மூச்சு விடுவதற்கு அனுமதி கேட்கிற ஆளை அவள் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் சூரியகாந்தி ஏப்ரன்கள் அத்தனையையும் தள்ளுவண்டியில் ஏற்றித் தன் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் போட்டுத் தார்ப்பாயால் மூடினாள்.

"பின்னாடி என்ன, பொணமா?" என்றான் அவள் புருஷன் வெர்ன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன், எதற்கும் பதறாதவன்.

"ஏப்ரன்."

"ஆஸ்பத்திரி ஏப்ரன் நம்ம வண்டியில என்ன பண்ணுது?"

"பனியில டயர் வழுக்கக் கூடாதுல்ல? மணல் மூட்டைக்குப் பதிலா இருக்கட்டும்."

மறுநாளிலிருந்து எக்ஸ்ரே அறை வாசலில் அட்டை தொங்கியது: உள்ளே ஒருவர் மட்டும். கொரின் வந்து கேட்டாள். ஏப்ரன்களில் விரிசல் இருக்கிறதா என்று சோதனைக்குப் போயிருப்பதாக நடீன் சொன்னாள். எப்போது வரும் என்றாள் கொரின். "விரிசல் விட்டதும் வரும்" என்றாள் நடீன்.

மார்ச்சில் டென்னி மறுபடி ரொவீனாவைக் கூட்டிவந்தார். சலவை அறைப் படியில் விழுந்துவிட்டாளாம், மணிக்கட்டு வீங்கியிருந்தது. அட்டையைப் படித்ததும் டென்னியின் முகத்தில் சர்க்கரை குறைந்தது.

"நடீனம்மா, பொண்ணு கூச்ச சுபாவம். நான் பக்கத்துல இல்லன்னா பேசவே மாட்டா."

"பேசறதுக்கா வந்திருக்கா? கை எலும்பு பேசிக்கும். உக்காருங்க டென்னி, உங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு."

கதவு மூடியது. வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது. நடீன் அந்த மெலிந்த கையைத் தட்டின்மேல் வைத்துப் படமெடுத்தாள். எடுத்து முடித்தும் விளக்கை அணைக்கவில்லை.

"இங்க பாரு கண்ணு. அந்த வெளக்கு எரியிற வரைக்கும் கடவுளே வந்தாலும் வெளிய உக்காந்து டோனட் தின்ன வேண்டியதுதான். நான் ரெண்டு கேள்வி கேப்பேன். பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல. சொன்னாலும், நீ சரின்னாத்தான் இந்த அறைய விட்டு வெளிய போகும். உன் பாஸ்போர்ட் எங்க?"

"பத்திரமா இருக்கு மேடம்."

"பத்திரமாத்தான் இருக்கும். யாருகிட்ட?"

"டென்னி சார்கிட்ட. எல்லாருதும் அவருகிட்டதான்."

"நாளைக்கே இந்த வேல வேணாம், நான் போறேன்னு சொன்னா?"

ரொவீனா வீங்கிய மணிக்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தங்கச்சி இருக்கா மேடம். லீஸல். எங்கள ரெண்டு பேரையும் சேத்து வெளிய விடமாட்டார். ஒருத்தி வந்தா ஒருத்தி அங்க இருக்கணும்."

பாடத்தில் பார்த்த சங்கிலி இரும்பில் இருந்தது. இந்தச் சங்கிலிக்குப் பத்தொன்பது வயது, பெயர் லீஸல்.

நடீனுக்குத் தலை கொதித்தது. வெளியே போய் அந்த டோனட் பெட்டியை டென்னியின் தலையில் கவிழ்த்துவிட்டு ஷெரிஃபுக்குப் போன் போடுவதென்று கதவுப் பிடியில் கைவைத்துவிட்டாள். ரொவீனா நல்ல கையால் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் மேடம். போலீஸ் வந்தா அவர் ஒரு போன் பண்ணுவார். அங்க காவலுக்கு இருக்கற ஆள் லீஸல வேற ஊருக்கு ஏத்திடுவான். போன வருஷம் ஒருத்திய அப்படித்தான் ஏத்தினாங்க. அப்புறம் நாங்க அவளப் பாக்கவேயில்ல."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"நான் சொல்றத பண்ணுங்க."

முப்பது வருஷமாக டாக்டர் சொல்லியும் கேட்காதவள், மேலாளர் சொல்லியும் கேட்காதவள், கைப்பிடித்த புருஷன் சொல்லியும் கேட்காதவள், கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான காரியம் அது.

"இந்த மெஷின் கெட்டுப்போகுமா மேடம்? மறுபடி வரச் சொல்ற மாதிரி?"

"கெட வேணாம். மணிக்கட்டுல சில விரிசல் உடனே தெரியாது. பத்து நாள் கழிச்சு இன்னொரு படம் எடுக்கணும்னு டாக்டரே சொல்லுவார், அது வழக்கம்தான். ஆனா உன் தங்கச்சி?"

ரொவீனா யோசித்தாள். "எனக்கு வந்த இருமல் இப்ப அவளுக்கு. ராத்திரி பூரா. டாக்டர், தொத்தான்னு பாக்கணும்னு சொன்னா சார் பயந்துடுவார். லாட்ஜ்ல தெரிஞ்சா ஆள எடுக்கமாட்டாங்க. அவரே ஓடி ஓடிக் கூட்டிட்டு வருவார்." சொல்லிவிட்டு நடீனைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் முதல்தடவையாக ஒரு குறும்பு தெரிந்தது. "பொய் இல்ல மேடம். நெசமாவே இருமறா."

"அடிப் பாவி! இவ்வளவு நாளும் கூச்ச சுபாவம்னு ஊரையே நம்பவெச்சிருக்கியே!"

இதை யாரிடம் சொல்லலாம் என்றும் நடீன் கேட்டுக்கொண்டாள். இரண்டு பேரிடம் என்றாள் ரொவீனா. ஒருவர் டாக்டர். மற்றவள், நடீனே பெயர் சொன்ன ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளர் ஹாரியட். பாதுகாப்பான வீடு, வக்கீல், போன் நம்பர் எல்லாம் அவள் பொறுப்பு. எதையும் காகிதத்தில் கொடுக்கவில்லை. டென்னி பையைச் சோதிப்பார்.

டாக்டர் மணிக்கட்டையும் பார்த்து, முன்பு எடுத்த நெஞ்சுப் படத்தையும் பார்த்து, டென்னியிடம் முகத்தை நீட்டிக்கொண்டு பேசினார். கூடத் தங்கியிருக்கும் யாருக்காவது இருமல் உண்டா? தங்கச்சிக்கா? அப்படியானால் அவளையும் படமெடுத்துப் பார்ப்பது நல்லது, இல்லையென்றால் சுகாதாரத் துறைக்காரர்கள் தங்குமிடத்துக்கே வரவேண்டியிருக்கும். தங்குமிடம் என்றதும் டென்னி, "எதுக்கு அவங்களுக்குச் சிரமம்? நானே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன்" என்றார்.

ஆனால் வெளியே காக்கவைத்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. அன்றே மூன்று பக்கத்துக்குப் புகார் போனது. மறுநாள் கொரின் நடீனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நம்ம ஆஸ்பத்திரியோட சிறந்த குடும்ப நண்பர் அவர். அவர மூணாம் மனுஷன் மாதிரி வெளிய தள்ளியிருக்கீங்க. மன்னிப்புக் கேக்கணும் நடீன். இல்லன்னா இந்தத் தடவ என்னால உங்களக் காப்பாத்த முடியாது. அந்த ஏப்ரனெல்லாம் வேற எங்க போச்சுன்னு கணக்குல வரல."

வேறொரு நாளாயிருந்தால் நடீன் என்ன சொல்லியிருப்பாள் என்பதை அச்சில் போட முடியாது. விஷயத்தைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ரொவீனா சொன்ன இரண்டு பேரில் கொரின் இல்லை. வேலை போனாலும் அந்த வாக்கு போகக் கூடாது. "கேக்கறேன்" என்றாள்.

கொரின் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஆனா காகிதத்துல எல்லாம் எனக்கு வராது. நேர்ல கேக்கறேன். அவர் அடுத்த தடவ வர்றப்ப, எக்ஸ்ரே வாசல்ல, நாலு பேர் பாக்க. நீங்களும் வந்து நில்லுங்க. போட்டோ வேணா எடுத்துக்கோங்க."

"நெசமாவா?"

"நெஞ்சத் தொட்டுச் சொல்றேன். அன்னிக்குப் படமெடுக்க மட்டும் காலை ஷிப்ட் ஆளப் போடுங்க. மன்னிப்பும் கேட்டுக்கிட்டுப் படமும் எடுக்க எனக்கு ரெண்டு வாயா இருக்கு?"

வீட்டில் வெர்னை எதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டிராத வெர்ன், "இன்னொரு தடவ சொல்லேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அனுபவித்தான்.

அந்த நாளும் வந்தது. டென்னி நீல டை கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் மணிக்கட்டில் கட்டோடு ரொவீனா, இருமிக்கொண்டே லீஸல். காலை ஷிப்ட் பெண் இருவரையும் உள்ளே அழைத்தாள். டென்னியும் கூடவே எழுந்தார். கொரின் அவர் கையை மெல்லப் பிடித்து, "ஒரு நிமிஷம் மிஸ்டர் ஸ்ட்ரிக்லர், நடீன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள். நர்ஸுகள் கூடிவிட்டார்கள். நடீன் கிரெப்ஸ் மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க ரத்தப் பரிசோதனைக்காரர்கூட ஊசியை வைத்துவிட்டு வந்திருந்தார். இத்தனை பேர் பார்க்கும்போது எழுந்து போக டென்னிக்கு மனம் வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"டென்னி," என்று நடீன் ஆரம்பித்தாள். "முதல்ல, போன தடவ உங்கள வெளிய உக்காரவெச்சதுக்கு மன்னிக்கணும். அந்த நாற்காலி கால் ஆடும்னு தெரிஞ்சும் சொல்லாததுக்கு மன்னிக்கணும். ஏப்ரன் போட்டா நீங்க எவ்வளவு அழகா இருப்பீங்க, அந்தச் சூரியகாந்தியக் கண்ணுல காட்டாம ஒளிச்சேனே, அதுக்கு மன்னிக்கணும்."

"பரவால்ல நடீனம்மா, விடுங்க" என்றார் டென்னி. ஆனால் விடச்சொல்கிற முகமாக அது இல்லை.

"விடமாட்டேன்! ஒரு தடவதான் கேப்பேன், ஒழுங்காக் கேக்கவேணாமா? இத்தன வருஷமா எல்லாரும் உங்க டோனட்டத் தின்னப்ப நான் மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனே, எவ்வளவு திமிரு! எடுங்க ஒண்ணு. இப்பவே தின்னுடறேன்."

பெட்டி திறந்தது. நடீன் சர்க்கரை தூவியதாக ஒன்றை எடுத்து, பசுமாடு அசை போடுவதுபோல மென்றாள். கூட்டம் காத்திருந்தது. கொரின் படமெடுத்தாள். இன்னும் ஒன்று எடுத்து மென்றாள். பிறகு டென்னியின் தாயார் இடுப்பு எலும்பை எந்த வருஷம் படமெடுத்தோம், அன்று அந்த அம்மாளிடம் என்ன மரியாதைக்குறைவாகப் பேசினோம் என்று அதற்கும் ஒரு மன்னிப்பைத் தொடங்கினாள். டென்னிக்குக் கண் கலங்கிவிட்டது.

சிவப்பு விளக்கு அணைந்தது. காலை ஷிப்ட் பெண் கதவைத் திறந்து, நடீனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

நடீன் கையிலிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டாள். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு டென்னி. ஆனா அதுக்கு மன்னிப்புக் கேக்கறதா இல்ல."

டென்னி அவளைத் தாண்டித் திறந்த கதவு வழியாகப் பார்த்தார். மேஜை காலி. அறைக்கு அந்தப் பக்கம் படுக்கைகளைத் தள்ளிக்கொண்டு போகும் இன்னொரு கதவு உண்டு. அது ஆம்புலன்ஸ் நிற்குமிடத்துக்குப் போகும் வழி. படமெடுத்ததும் இருவரையும் அங்கே ஹாரியட்டிடம் விடும்படி, காரணம் சொல்லாமல், டாக்டர் காலை ஷிப்ட் பெண்ணிடம் சொல்லியிருந்தார்.

"என் பொண்ணுங்க எங்க?"

"உங்களுக்கு ரெண்டும் பையனாச்சே டென்னி? ரெண்டு பேருக்கும் காலத்தான் படமெடுத்திருக்கேன்."

"வெளையாடாத! எங்க போனாளுங்க?"

"அவங்க வயசு வந்தவங்க. போகணும்னாங்க, போயிட்டாங்க. எங்கன்னு சொன்னா நோயாளியோட அந்தரங்கத்தச் சொன்ன குத்தத்துக்கு எனக்கு வேல போயிடும். அப்புறம் அதுக்கு வேற மன்னிப்புக் கேக்கணும்."

டென்னி போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கொரினைப் பார்த்து விரலை நீட்டிக் கத்தினார்: "இவள வேலைய விட்டுத் தூக்கு! இப்பவே! இல்லன்னா உங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நட்சத்திரம் மிஞ்சாது!"

கொரின் காலியான மேஜையைப் பார்த்தாள். டென்னியின் நீல டையைப் பார்த்தாள். அதற்கு மேலே, காபி மெஷினுக்கு மேலிருந்த சுவரொட்டியைப் பார்த்தாள். விடுதி நடத்திய காலத்தில் அவளுக்கும் டென்னிதான் ஆள் விட்டவர். "புகார்ப் படிவம் வரவேற்புல இருக்கு, மிஸ்டர் ஸ்ட்ரிக்லர்" என்றாள்.

டென்னி போனார். டோனட் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இது கதையாக இருந்தால் டென்னி அன்றே கையில் விலங்கோடு போயிருப்பார். வழக்கு இன்னும் நடக்கிறது. எல்லாம் அபாண்டம் என்கிறார், நீதிமன்றத்துக்கும் டோனட் கொண்டுவருகிறாராம். வக்கீல் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். மற்ற பெண்களில் சிலர் வெளியே வந்தார்கள், சிலர் சார் நல்லவர் என்று அங்கேயே இருந்துவிட்டார்கள். அவர்களில் யாருக்காவது கை வீங்கினால் எக்ஸ்ரே அறையில் சிவப்பு விளக்கு எரியும்.

ஆஸ்பத்திரியில் இப்போது யாராயிருந்தாலும், கூட எவர் வந்திருந்தாலும், கொஞ்ச நேரம் தனியாகத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கேள்வியும் அப்போதுதான். இந்த ஏற்பாட்டுக்காகக் கொரினுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். மேடையில் அவள் நடீனின் பெயரைச் சொன்னாள், கேடயம் வாங்கியபிறகு. சூரியகாந்தி ஏப்ரன்கள் அந்தப் பிக்கப் வண்டியில் இன்னும் கிடக்கின்றன. பனியில் வண்டி கல்லுமாதிரி நிற்கிறது என்கிறான் வெர்ன்.

கோடையில் ஒரு நோயாளி மதிப்பீடு வந்தது. கொரின் அதை நடீனிடம் தானே கொண்டுவந்து நீட்டினாள். ரொவீனா எழுதியது. அவள் பெயரில் அவளே எழுதிய முதல் மதிப்பீடு. 'அறை ரொம்பக் குளிர். அந்த அம்மா அளவுக்கு மேல் பேசுகிறார். நான்கு நட்சத்திரம்.'

"இன்னும் ஒண்ணு குடுத்திருந்தா சுவத்துல உங்க படத்த மாட்டியிருக்கலாம்" என்றாள் கொரின்.

"ஒண்ணக் கையில வெச்சுக்கிட்டா பாரு, கெட்டிக்காரி" என்றாள் நடீன். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை.

வாசலில் ஒருவன், வலிக்கிற தன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியை அணைத்தபடி நின்றான். நாங்கள் எங்கேயும் ஒன்றாகத்தான் போவோம், நானும் உள்ளே வருகிறேன் என்றான். நல்லவனாகவும் இருக்கலாம். நடீன் அதையெல்லாம் முகத்தில் படிக்கிற ஆள் இல்லை.

"அந்த நாற்காலியில உக்காருங்க. கால் ஆடும், பாத்து" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.